கவிழ்க்க முடியாத தண்ணீருக்கு மீன்

மாரி தொடங்கும் முன் சாய்ந்தமருதின் கிணறுகளிலும் வளவுத் தொட்டிகளிலும் செய்து முடிக்க வேண்டிய ஒரு சின்ன வேலை

சாய்ந்தமருதில் தண்ணீருக்காக ஆழத் தோண்ட வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை வயல், இரண்டுக்கும் நடுவே மணல். அந்த மணலில் சில முழம் தோண்டினாலே ஊற்றுக் கண் திறந்துவிடும். மாரி உச்சத்தில் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கட்டுக்கு எட்டிய தூரத்தில் நிற்கும். அதனால் ஒரு காலத்தில் வளவுக்கு ஒரு கிணறு என்பது இங்கே ஆடம்பரமாக இருக்கவில்லை. அடுப்படியைப் போல வீட்டோடு சேர்ந்த ஒன்றாகவே இருந்தது.

பிறகு வளவு சுருங்கியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அழைப்பது நம் பக்கத்து வழக்கம். மூன்று மகள்மார் இருந்தால் வளவு மூன்றாகும், அவர்களுக்கும் மகள்மார் பிறந்தால் ஒன்பதாகும். மதில்கள் எழுந்தன, கூரைகள் ஒன்றையொன்று தொட்டன, தென்னை நின்ற இடத்தில் மாடி வந்தது. கிணறு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அக்கா வீட்டுக் குசினிக்குப் பின்னாலும் தங்கை வீட்டுக் குளியலறைக்குப் பக்கத்திலுமாக, அது இருவருக்கும் பொதுவாயிற்று.

2004 டிசம்பர் 26 அந்தக் கிணறுகளின் கதையை மாற்றியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல், தப்பியவர்களின் கிணறுகளில் உப்பையும் சேற்றையும் விட்டுப் போனது. இறைத்து இறைத்துப் பார்த்தும் சில கிணறுகள் பழைய ருசிக்குத் திரும்பவில்லை. கொண்டவட்டுவானில் சுத்திகரித்த குழாய்நீர் வீடு தேடி வந்த பிறகு, கிணறு குளிக்கவும் கழுவவும் மட்டும் என்றானது. சில வளவுகளில் அதுவும் இல்லை. பலகை போட்டு மூடி அதன்மேல் பழைய சாமான்களை அடுக்கிவிட்டார்கள். வாளி இறங்காத கிணற்றில் தண்ணீர் அசைவதில்லை. அசையாத தண்ணீரை நுளம்பு விட்டுவைப்பதுமில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் இரண்டு வகை: கையால் எடுத்துக் கவிழ்க்கக் கூடியது, கவிழ்க்க முடியாதது. முதல் வகையைக் கவிழ்க்க வேண்டும். இரண்டாவது வகைக்கு மருந்தையும் புகையையும் விட மலிவான, நீடித்த காவல் மீன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஊர்களில் டெங்கு ஒழிப்பு ஒவ்வொரு ஆண்டும் முதலாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது.

எட்டுப் பத்து நாள் பிழைப்பு

நுளம்பை அதன் சிறு வயதில் பிடிக்க வேண்டுமானால், அந்த வயதை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். வெயில் விழுகிற வேளையில் சீமெந்துத் தொட்டி ஒன்றின் விளிம்பில் குனிந்து பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய சுவரில், மிளகுத்தூள் ஒட்டியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். அவை டெங்குவைக் காவும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகள். தண்ணீர் வற்றினாலும் அவை சாவதில்லை; மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்துவிட்டு, மழை பெய்து மட்டம் உயர்ந்து நனைந்ததும் பொரிக்கும். கோடை முழுக்க வெறுமையாகக் கிடந்த தொட்டியில் முதல் மழைக்கு அடுத்த கிழமையே குடம்பி நெளிவது இதனால்தான். தொட்டியைக் கழுவுவது என்றால் தண்ணீரை ஊற்றுவதோடு முடிவதில்லை. சுவரைத் தும்பால் தேய்க்க வேண்டும்.

பொரித்து வரும் குடம்பி தலைகீழாகத் தொங்கும். அதன் வாலோரத்தில் ஒரு சிறு குழல் இருக்கிறது. அதை நீரின் மேற்பரப்பில் குத்தி வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. உங்கள் நிழல் பட்டால் உடம்பை முறுக்கி அடியில் போகும். சற்று நேரத்தில் மூச்சுக்காகத் திரும்பவும் மேலே வந்தே தீர வேண்டும். நாலு முறை தோலுரித்து, வளைந்த கூட்டுப்புழுவாகி, எட்டுப் பத்து நாளில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். பறந்த பிறகு அதைப் பிடிப்பது கடினம். பகலில் அதிகாலையையும் பின்னேரத்தையும் பார்த்துக் கடிக்கும், மற்ற நேரம் கட்டிலுக்கு அடியிலும் தொங்கவிட்ட உடுப்பின் மடிப்பிலும் ஒளிந்திருக்கும்.

மீன் உதவுவது அந்த எட்டுப் பத்து நாளில்தான். குடம்பி மூச்சுக்காக வரும் அதே மேற்பரப்பில் உலாவும் மீன்களுக்கு வாய் மேல்நோக்கி அமைந்திருக்கும். கப்பி மீன் நாலைந்தை ஒரு வாளியில் விட்டு, இன்னொரு வாளித் தண்ணீரிலிருந்து குடம்பிகளை அள்ளி ஊற்றிப் பாருங்கள். முதலில் மீன் விலகும். பிறகு ஒன்று திரும்பி வந்து ஒரு குடம்பியைப் பக்கவாட்டில் கவ்வி, ஒரு உதறலில் விழுங்கும். அதைக் கண்ட மற்றவையும் வரும். சற்று நேரத்தில் வாளி அமைதியாகிவிடும். ஆய்வுகூடத் தொட்டிகளில் வளர்ந்த பெண் கப்பி ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட குடம்பிகளைத் தின்றதாகப் பதிவுகள் உண்டு. கிணற்றில் அந்த அளவு இருக்காது; ஆனால் கிணற்றில் அதற்கு விடுமுறை நாளும் கிடையாது.

பள்ளிவாசலில் படித்த பாடம்

இது வெளியூரிலிருந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டிய வித்தை இல்லை. வுழூச் செய்யக் குழாய் வருவதற்கு முன்னால் பள்ளிவாசல்களில் ஹவுழ் இருந்தது. நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் பெரிய நீர்த்தொட்டி அது. அதில் மீன் விடுவது பல ஊர்ப் பள்ளிவாசல்களின் வழக்கம். ஹவுழின் விளிம்பில் உட்கார்ந்து கால் கழுவும்போது விரல் நுனியைக் கொத்த வரும் மீன்களை நினைவு வைத்திருக்கும் வாப்பாமார் இன்றும் இருக்கிறார்கள். பாசியைத் தின்னவும், தண்ணீரில் பூச்சி புழு வராமல் காக்கவும் மீன் வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக் கிணற்றிலும் வயல் வாய்க்காலிலிருந்து பிடித்து வந்த இரண்டொரு மீனை விட்டு வைப்பார்கள். ஹவுழ் போய்க் குழாய் வந்தது. கிணற்றை மூடிப் பலகை வந்தது. அந்த அறிவும் அவற்றோடு ஒதுங்கிவிட்டது.

அது ஒதுங்கிய காலத்தில்தான் டெங்கு பெருத்தது. இலங்கையில் 1960களிலேயே அறியப்பட்ட நோய் இது. 1989-க்குப் பிறகு கொள்ளைநோயாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 2017இல் நாடு முழுவதும் 186,000-இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400-இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் முதல் அடி விழுந்தது கிழக்கில். நம்மைப் போலவே நெருக்கமான வளவுகளும் ஆழமில்லாத கிணறுகளும் உள்ள கிண்ணியா, மார்ச் மாதத்தில் தவித்த தவிப்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேற்கில் தென்மேல் பருவக்காற்றோடு ஆனி ஆடியில் டெங்கு உச்சம் தொடும். நமக்கு வடகீழ் மழையோடும் அதன் பின்னாலும், மார்கழியிலிருந்து மாசி பங்குனி வரை. ஆகவே நமக்கான வேலைக்காலம் புரட்டாதி, ஐப்பசி. கொழும்பின் அறிவிப்புக்குக் காத்திருந்தால் பிந்திவிடும்.

மன்னார்க் கிணறுகள் சொன்னது

கிணற்றில் மீன் விடுவது பழைய பழக்கம் என்று தள்ளிவிட முடியாது என்பதை மன்னார் காட்டியது. 1934-35இல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவை இலங்கை பெரும் பாடுபட்டு வென்றது. 1963இல் ஆண்டுக்கு 17 நோயாளர் என்ற அளவுக்கு இறக்கிவிட்டுக் கண்காணிப்பைத் தளர்த்தியதால், 1969இல் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. மீண்டும் உழைத்து, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளரை 2012இல் கண்டு, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். சான்றிதழ் வந்து மூன்றே மாதத்தில், அந்த ஆண்டு டிசம்பரில், மன்னார்த் தீவில் அதுவரை இலங்கையில் கண்டிராத ஒரு நுளம்பு அகப்பட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைக் காவும் நுளம்பு அதுதான். அது அகப்பட்ட இடம் கிணறுகள்.

மலேரியாத் தடை இயக்கம் அங்கே செய்த வேலைகளில் பாவனையில் இல்லாத கிணறுகளை மூடுவதும், மருந்திடுவதும், குடம்பி தின்னும் மீன்களை விடுவதும் சேர்ந்திருந்தன. அந்த நுளம்பு பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கரையோரக் கிணறு என்பது கிழக்குக்கும் வடக்குக்கும் பொதுவானது. இன்று டெங்குக்காக நாம் காக்கும் கிணறு, நாளை மலேரியா திரும்பாமலும் காக்கும்.

கரையோரத்துக்கு இன்னொரு செய்தியும் உண்டு. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2011இல் ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். சுரேந்திரன் ஆகியோரின் குழு மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் தேடியபோது, உவர் தண்ணீரிலும் ஈடிஸ் குடம்பிகள் இருந்தன. வீசியெறிந்த போத்தல்களிலும், கைவிட்ட தோணிகளிலும், பாவிக்காத கிணறுகளிலும் அவை கிடைத்தன. நம் கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய வள்ளங்களையும், சுனாமிக்குப் பின் உவர் ஏறிய கிணறுகளையும் இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'உப்புத் தண்ணி, அதில நுளம்பு வராது' என்ற ஆறுதல் இனிச் செல்லாது.

சான்று எவ்வளவு தூரம் போகிறது

மீனைப் பற்றிப் பேசும்போது கூட்டிச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். கர்நாடகத்தின் கிராமங்களில் கிணறுகளிலும் ஓடைகளிலும் கப்பியும் கம்பூசியாவும் விட்டபின் மலேரியா வெகுவாகக் குறைந்ததாக இந்திய ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். ஆனால் உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த கொக்ரேன் தொகுப்பு, 2013இலும் 2017இலும் ஒரே முடிவுக்கு வந்தது: சில வகை நீர்நிலைகளில் மீன் குடம்பியைக் குறைக்கிறது, மனிதருக்கு மலேரியா குறைந்ததா என்று நேராக அளந்த உறுதியான ஆய்வு அதன் அளவுகோலுக்குள் ஒன்றுகூட வரவில்லை. குடம்பி குறைவதும் நோய் குறைவதும் ஒன்றில்லை. பத்து இடத்தில் நுளம்பு பிறக்கிற வளவில் ஒரு இடத்தை மீன் அடைத்தால் மீதி ஒன்பது திறந்தே கிடக்கின்றன.

கம்போடியாவின் கம்பொங் சாம் மாகாணத்தில் 2015-16இல் நடந்த பரிசோதனை நமக்கு மிக நெருக்கமானது. அங்கே வீட்டுக்கு வீடு பெரிய சீமெந்துச் சாடிகளில் மழைநீர் சேமிப்பார்கள். 50 லீற்றருக்கு மேல் பிடிக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு கப்பி விடப்பட்டது. மீனைக் கொண்டுவந்து விட்டவர்களும், செத்தால் மாற்றி விட்டவர்களும் அந்தந்தக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள். மீன் விட்ட கிராமங்களில் வீட்டுக்குள் பிடிபட்ட பெண் ஈடிஸ் நுளம்புகள், விடாத கிராமங்களில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. வியட்நாம் இதற்கும் முன்பே, மீசோசைக்லொப்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்வாழ் சிற்றுயிரைத் தொட்டிகளில் விட்டுப் பல கிராமங்களில் ஈடிஸை இல்லாமலே ஆக்கியது. அங்கும் அந்தச் சிற்றுயிரோடு கூட நடந்தது, ஊரார் கூடி வீசியெறிந்த பாத்திரங்களைப் பொறுக்கிய வேலை. வென்ற இடங்களில் எல்லாம் பெரிய தண்ணீருக்கு உயிருள்ள காவலும் சின்னத் தண்ணீருக்கு மனிதக் கையும் சேர்ந்தே இருந்தன.

எந்த மீன்

கம்பூசியாவின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவின் தென்பகுதி மீன். 1905இல் ஹவாய்க்குப் போனதிலிருந்து நுளம்புக்கு எதிரி என்ற பெயரோடு உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது. போன இடத்திலெல்லாம் உள்ளூர் மீனின் குஞ்சையும் முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்று தீர்த்தது. இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. இதைத் தேடிப் போக வேண்டாம்.

கப்பி தென்னமெரிக்காவின் வடகரையிலும் டிரினிடாட்டிலும் பிறந்த மீன். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை ஈனும். ஆணோடு ஒருமுறை சேர்ந்த பெண், அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல தடவை குஞ்சு போடும். ஓரளவு அழுக்கையும், மெல்லப் பழக்கினால் உவரையும் தாங்கும். கிணற்றுக்கும் மூடிய வளவுத் தொட்டிக்கும் எளிதில் கிடைக்கக்கூடிய மீன் அதுதான். ஆனால் எங்கும் பிழைக்கும் என்ற அதே குணம் திறந்த நீரில் ஆபத்து.

மூன்றாவது வழி, நம் வாய்க்காலிலேயே இருக்கிறது. வயல் ஓரங்களிலும் குளக்கரையிலும் நீரின் மேல்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும் சிறு மீன் ஒன்றைச் சிறுவர்கள் எல்லாரும் அறிவார்கள். மேலிருந்து பார்த்தால் அதன் உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னும். அப்லோசீலஸ் இனத்தைச் சேர்ந்த அது, குடம்பி தின்பதற்கென்றே படைத்ததுபோல வாய் மேலே திரும்பிய மீன். இலங்கையின் சொந்த நன்னீர் மீன் இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சொந்த மீனை வைத்தே வேலையை முடிக்க முடியுமானால் வெளிநாட்டு மீனுக்கு என்ன தேவை? சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் வைத்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், இங்கினியாகலையில் மீன் இனவிருத்தி நிலையம் நடத்தும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையும் கைகோத்தால், எந்தச் சொந்த மீன் நம் கிணற்றில் நிலைக்கும் என்று இரண்டு மாரிக்குள் தெரிந்துகொள்ளலாம்.

தோணாவில் விடாதீர்கள்

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்றை முன்கூட்டியே தடுக்க வேண்டும். 'தோணாவில்தானே நுளம்பு, அதில் ஆயிரம் கப்பியைக் கொட்டினால் என்ன' என்று யாராவது கேட்பார்கள். கொட்டக்கூடாது. தோணா கடலோடும் வயலோடும் தொடர்புள்ள திறந்த நீர். அங்கே விட்ட மீன் வெள்ளத்தோடு வட்டைக்கும் குளத்துக்கும் போகும். திருப்பிப் பிடிக்க முடியாது. அதோடு, தோணாவில் கூடுதலாகப் பிறப்பது டெங்கு நுளம்பில்லை. கழிவும் குப்பையும் நீர்ப்பூண்டும் மூடிய தண்ணீர் கியூலெக்ஸ் நுளம்பின் வீடு. இரவில் காதருகே இரைந்து தூக்கத்தைக் கெடுப்பது அது. யானைக்கால் நோயைக் காவியதும் அதன் இனம். பிளாஸ்டிக் பைகளுக்கும் பூண்டுக்கும் கீழே ஒளிந்திருக்கும் குடம்பியை எந்த மீனாலும் எட்ட முடியாது. தோணாவுக்குத் தேவை ஓட்டம். குப்பை கொட்டுவதை நிறுத்தி, முகத்துவாரத்தைத் திறந்து, பூண்டை அள்ளினால், அதில் ஏற்கெனவே இருக்கும் மீன்கள் தம் வேலையைத் தாமே செய்யும்.

வளவில் ஒரு குளம்

பின்வளவில் சிறு குளம் வைக்க ஆசைப்படுவோருக்கும், கிணறு, தொட்டி உள்ளோருக்கும் சில நடைமுறைக் குறிப்புகள்:

குளத்தை மணலில் வெறுமனே தோண்டினால் நீர் நிலத்தடி மட்டத்தோடு ஏறி இறங்கும். வெள்ளத்தில் மீன் வெளியே போய்விடும். சீமெந்துத் தொட்டியாக, தரைக்கு மேலே ஒன்றரை அடி விளிம்போடு கட்டுங்கள். ஓரம் செங்குத்தாக இருக்கட்டும். சரிவான ஆழமில்லாத ஓரத்தில்தான் குடம்பி மீனிடமிருந்து தப்பிக்கும்.

மேலே இரும்பு வலை கட்டாயம். காகமும் மீன்கொத்தியும் காரணம்; அவற்றைவிடப் பெரிய காரணம் தவழும் குழந்தை. ஒரு அடித் தண்ணீர் போதும் ஒரு உயிரைக் கொண்டுபோக. டெங்குக்குப் பயந்து கட்டிய குளம் வீட்டுக்கு வேறொரு துயரத்தைக் கொண்டுவரக்கூடாது.

சதுர மீற்றருக்கு ஐந்தாறு கப்பி போதும். சாதாரண வளவுக் கிணற்றுக்குப் பதினைந்து இருபது. மீன் இருக்கும் பையை அப்படியே தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு அவிழ்த்து விடுங்கள். குழாய்நீர் நிரப்பிய தொட்டியானால் குளோரின் போக ஒருநாள் திறந்து வையுங்கள்.

பாண் துண்டும் சோறும் போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் குடம்பியைத் திரும்பிப் பார்க்காது. மிஞ்சிய சோறு தண்ணீரைக் கெடுக்கும்.

வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டி வந்தால், முதலில் மீனை வலையால் அள்ளி வாளியில் எடுத்து வைத்துவிட்டுக் குளோரின் இடுங்கள். மணம் போன பின் திருப்பி விடுங்கள். புகை அடிக்க வரும் நாளில் தொட்டியைத் துணியால் மூடுங்கள். புகையில் கலக்கும் பைரித்ரொயிட் மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். குடிக்க எடுக்கும் கிணற்றுத் தண்ணீரை, மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை வெள்ளைக் கோப்பை ஒன்றால் ஓரத்துத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். பருத்த குடம்பியோ கூட்டுப்புழுவோ தென்பட்டால் மீன் செத்திருக்கிறது அல்லது போதவில்லை என்று பொருள். 'மீன் விட்டாச்சி, இனிப் பயமில்லை' என்று விட்டுவிடும் கிணறு, மீன் விடாத கிணற்றைவிட ஆபத்தானது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மீன் எட்டாத இடங்கள்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரும்போது நடக்கும் உரையாடல் பல வளவுகளில் ஒரே மாதிரி இருக்கும்.

"சேர், எங்கட கிணத்துக்க மீன் கிடக்கு. வந்து பாருங்க."

"கிணறு நல்லா இருக்கு தாத்தா. அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால இருக்கிற தட்டை ஒருக்கா இழுங்க பாப்பம்."

தட்டில் விரற்கடைத் தண்ணீர். அதில் குடம்பி நெளியும்.

இலங்கையில் டெங்கு நுளம்பின் பெரிய பிறப்பிடம் இந்தச் சின்னத் தண்ணீர்தான்: யோகட் கோப்பை, சிரட்டை, டயர், இலை அடைத்த பீலி, பூச்சாடித் தட்டு, மேசைக்கால் எறும்புக் கிண்ணம், மூடி உடைந்த மேல்தண்ணீர்த் தாங்கி, அரைகுறையில் நின்ற மாடியின் கொங்கிறீட் பள்ளம், மதிலில் குத்திய போத்தல் ஓடு. இவற்றில் எதிலும் மீன் வாழாது. இவற்றுக்குக் கிழமைக்கு ஒருநாள், கால் மணி நேரம், ஒரு சோடிக் கை வேண்டும். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வழக்குக்குப் பயந்து செய்கிற துப்புரவு, பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு தொடங்கி அதோடு முடிந்துவிடும்.

பயத்தைவிட உறவு நமக்குப் பலமான காரணம். ஈடிஸ் தன் ஆயுள் முழுக்கப் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றும். வேறொரு ஊரில் அந்தத் தூரத்துக்குள் பத்து வீடு இருக்கலாம். சாய்ந்தமருதில் ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை இருக்கும். உங்கள் வளவின் சிரட்டையில் பிறந்த நுளம்பு போய்க் கடிப்பது உங்கள் தங்கையின் பிள்ளையை, சாச்சியின் பேரனை. மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்த வளவைத் துப்புரவு விஷயத்தில் மட்டுமாவது மறுபடி ஒரே வளவாக நினைக்க வேண்டும்.

ஊராகச் செய்தால்

தனி வீட்டின் முயற்சி பக்கத்து மதிலோடு நின்றுவிடும். ஊராகச் செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவையும் அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வளவிலும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு தொட்டியில் மீன் வளர்த்தால், கப்பி தன் குஞ்சுகளாலேயே ஊருக்குப் போதுமான மீனைத் தரும். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு உயிருள்ள பாடமும் அதுவே. பள்ளிவாசல் மஹல்லா வாரியாக இளைஞர்கள் பாவனையில் இல்லாத கிணறுகளைப் பதிவு செய்யலாம்: மூட வேண்டியது எது, இறைத்துத் திருத்த வேண்டியது எது, மீன் விட வேண்டியது எது. ஜும்ஆவுக்குப் பிந்திய அறிவித்தலில் அந்தக் கிழமையின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கிணற்றின் எண், மீன் விட்ட திகதி, கடைசியாகப் பார்த்த திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த மாரிக்கு நாம் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்கே மீன் நிலைத்தது, எங்கே செத்தது, எந்தக் குறிச்சியில் காய்ச்சல் குறைந்தது என்று நம்மிடமே கணக்கு இருக்கும். கொக்ரேன் தொகுப்பு தேடிக் கிடைக்காத அந்த நேரான அளவீட்டுக்கு, ஒரு சிறு ஊர் தன் பங்கைச் செய்ததாகவும் அது அமையும்.

டெங்குக்குக் குறிவைத்துக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. அதில் நாலு வகை வைரஸ் இருப்பதால், ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வேறு வகை தொற்றினால் ஆபத்து கூடலாம். ஆகவே தடுப்புத்தான் நம் கையில் உள்ள பெரிய வைத்தியம். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். கவிழ்க்க முடிந்தவை அனைத்தையும் கவிழ்த்துவிடுங்கள். மிஞ்சி நிற்கும் கிணற்றுக்கும் தொட்டிக்கும் மீனைத் தேடுங்கள். அது முடிந்ததும் மதிலுக்கு அப்பால் எட்டிக் கூப்பிட்டு, "உங்கட கிணத்தில மீன் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் தொட்டியிலிருந்து பத்து மீனைக் கொடுங்கள்.